சூரிய ராஜாவின் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக் காதுகுத்தும்

பிரான்ஸ் தேசத்து ராஜாக்களின் வைப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தும் உனக்கு இதுதான் கிடைத்ததா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டு விஷயம் தெரிந்த மனிதர் அவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே யாரோ ஒரு புண்ணியவான் அதை அவர் காதில் போட்டுவிட்டிருந்தான்.

அந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா பாளையங்கோட்டையில் வக்கீல். அவருக்கு இரண்டு வீடு. பெரிய வீட்டில் அம்மா, அக்கா, நான். நாலு தெரு தள்ளி இருந்த சின்ன வீட்டில் இன்னொரு அம்மாளும் ஒரு பையனும். ஊரில் இது ரகசியமே இல்லை. சாயங்காலம் காபி குடித்துவிட்டு அப்பா துண்டை உதறித் தோளில் போட்டால் அங்கே கிளம்புகிறார் என்று அர்த்தம். அம்மா அந்த நேரத்துக்குச் சரியாக அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தத் தெருவின் பெயர்கூட எங்கள் வீட்டில் புழங்காது. 'அங்கிட்டு' என்போம், அவ்வளவுதான். சண்டையும் கிடையாது, சமாதானமும் கிடையாது. ஒரு வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாததுபோல எல்லோரும் நடந்துகொள்வது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் மான்ட்ரியாலுக்கு வந்தது அறுபத்தொன்பதில். பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் கிரேக்கக் குடும்பம், எதிர்வீட்டில் இத்தாலியக் குடும்பம். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே வளைந்து வளைந்து தெருவில் இறங்கும். பனி உறைந்த நாட்களில் அதில் புடவையோடு இறங்குவது தனி வித்தை. என் கணவர் பாலம் கட்டும் கம்பெனியில் என்ஜினீயர். நான் சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அந்த ஊரில் பிரெஞ்சு இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். முதலில் கடையில் ரொட்டி வாங்குகிற அளவுக்கு வந்தது, அப்புறம் கடைக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்கு. அந்தத் தைரியத்தில் எழுபத்தொன்றில் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வாரத்திலேயே எங்கள் பேராசிரியர் அந்த ராஜாவைப் பற்றிப் பாடம் எடுத்தார். தன்னைச் சூரியன் என்று சொல்லிக்கொண்ட ராஜா. அவருக்குப் பட்டத்து ராணி ஒருத்தி. அரண்மனையிலேயே ஆசைநாயகிகள் இரண்டு பேர். அதில் ஒருத்திக்கு ஏற்கெனவே புருஷன் உண்டு. அவளுக்குப் பிறந்த ராஜாவின் பிள்ளைகளைப் பாரிஸுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீட்டில் ஒளித்துவைத்து, ஏழை விதவை ஒருத்தியைக் கொண்டு வளர்த்தார்கள். பிறகு ராஜா அவர்களை அரண்மனைக்கே அழைத்து வந்து, இவர்கள் என் பிள்ளைகள் என்று ஊரறியச் சாசனம் எழுதிக் கொடுத்தார். வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இது பிடிபடவே இல்லை. ராணி எப்படிப் பொறுத்துக்கொண்டாள், ஏன் அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை, அரண்மனையில் மற்றவர்கள் எந்த முகத்தோடு பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மான்ட்ரியால் இருந்த அந்த மாகாணத்தில் அப்படிப் பிறந்த பிள்ளைகளைக் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது.

நான் கையைத் தூக்கினேன். ராணி பொறுத்துக்கொள்ளவில்லை, அந்த நேரம் பார்த்து வேறு அறைக்குப் போயிருப்பாள் என்றேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் இதெல்லாம் சகஜம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அன்றைக்கே அவர் எனக்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டார்.

படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெர்சாய் அரண்மனை என்று உலகமே வாய்பிளக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் தெருவைவிட மோசம். ராஜா தனக்கு வைப்பில் பிறந்த மகளைத் தம்பி மகனுக்குக் கட்டிவைக்க, பையன் சரி என்று தலையாட்டிவிட்டான். அவனுடைய அம்மா சபை நடுவிலேயே அவனைக் கன்னத்தில் அறைந்தாளாம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாளை நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. இன்னொரு சங்கதி என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது. ராஜா எழுதிக் கொடுத்த அந்தச் சாசனத்தில் பிள்ளைகளின் தாய் பெயர் கிடையாது. அவள் இன்னொருத்தன் பெண்டாட்டி. பெயரைப் போட்டால் அவன் வந்து பிள்ளைகளைக் கேட்பான். அதனால் சாசனப்படி அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா மட்டும்தான் உண்டு.

எழுபத்திரண்டு பொங்கலுக்கு, ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். எல்லாம் டாக்டர்கள், என்ஜினீயர்கள், பேராசிரியர்கள். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். புதிதாக யார் வந்தாலும் கோட்டைக் கழற்றுவதற்குள் எந்த ஊர், எந்தத் தெரு, யார் பையன் என்று கேட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கூட்டத்தை நடத்திய டாக்டர், புதிதாக உலோகவியல் படிக்க வந்திருக்கும் மாணவர் என்று ஒருவனை முன்னால் நிறுத்தி, மிஸ்டர் இன்னார் என்று பெயரைச் சொன்னார். அவர் சொன்னது என் அப்பாவின் பெயர்.

இந்தத் தப்பு நம் ஆட்களால் மட்டும்தான் நடக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த நாட்டிலோ அது இல்லாமல் மூச்சுவிட முடியாது. அதனால் இனிஷியலாக ஒற்றை எழுத்தில் ஒளிந்திருந்த அப்பாக்கள் எல்லாம் அங்கே முழுப் பெயராக வெளியே வந்து நின்றார்கள். பெண்களான நாங்கள் புருஷன் பெயரைப் போட்டுக்கொண்டு அப்பாவைத் தொலைத்துவிட்டோம். அப்பா சின்ன வீட்டுப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே தன் இனிஷியலைக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அது இப்படிப் பூமியின் மறுபக்கத்தில் ஒரு மாதா கோவிலின் கீழ்த்தளத்தில் உரக்கக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கும் என்னைத் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அவன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. டாக்டரின் மனைவி என்னிடம், உங்கள் ஊர்தானாமே, மூக்குகூட ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் இந்த மூக்குதான் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பெரிய கண்டத்தில் அவனுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று கத்தினேன். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையன் நல்ல பையனாகத் தெரிகிறான் என்றார். அன்றைக்கு அவருக்குச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

அவன் வில்லரேயில், எங்களிடமிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தான். இரண்டு பேட்டைக்கும் நடுவில் ஒரு துணி துவைக்கும் கடை உண்டு. காசு போட்டால் இயந்திரம் துவைக்கும். ஒரு சனிக்கிழமை நான் துணி மூட்டையோடு உள்ளே போனால் அவன் உட்கார்ந்திருந்தான். வேறு யாரும் இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் முடியாது, வெளியே அப்படிக் குளிர். துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது. கடைசியில் நான்தான், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ரொட்டியும் முட்டையும் என்றான். சட்டையை மடித்தான். கையிரண்டையும் முதுகுப்பக்கம் மடக்கி, நடுவில் ஒரு தட்டுத் தட்டி. என் அப்பா மடிக்கிற அதே மாதிரி. அந்த மடிப்பை அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானம் அவனுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். நானும் தம்பி என்றேன். ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அப்புறம் கஷ்டமில்லை. அவனும் என் கணவரும் உலோகம், பாலம் என்று பேச ஆரம்பித்தால் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கூடத்தில் இரண்டு ஆண்குரல் கேட்டுக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் அப்பளம் பொரித்த அந்த மத்தியானங்கள் நன்றாகவே இருந்தன. ஊர்க்காரர்களுக்கு 'எங்க ஊர்ப் பையன்' என்று சொல்லிவைத்திருந்தோம். பாதி உண்மைதானே.

எழுபத்துமூன்றில் அப்பா போய்விட்டார். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. டாக்டர் விமானம் ஏறவே கூடாது என்றுவிட்டார். அப்பா படுக்கையில் விழுந்த தந்தி கிடைத்ததுமே அவன் மட்டும் போயிருந்தான். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். தனக்குக் கொள்ளி வைக்கவேண்டியது மகன்தான் என்று அப்பா சாகும் முன்பு நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாராம். அந்த நாலு பேரும் சரி சரி என்றுதான் தலையை ஆட்டினார்களாம். அவர் போன மறுநாள் சுடுகாட்டில் என் பெரியப்பா மகன் கையில் கொள்ளியைக் கொடுத்துவிட்டார்கள். அக்கா பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக உட்கார்ந்ததும் அதே பெரியப்பா மகன்தான். இவன் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான். சொல்லும்போது அவனிடம் கோபம் எதுவும் இல்லை. ஊருக்கு வேறு ஒரு கவலை இருந்தது என்றும் சொன்னான். அவனுடைய அம்மா பொட்டை அழிப்பதா வேண்டாமா என்பதுதான் அது.

எனக்குக் கோபம் இருந்தது. அந்த வருஷம்தான் நான் சூரிய ராஜாவின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய வாரிசுகள் ஒருவர் பின் ஒருவராக நோயில் செத்துப்போனார்கள். அதனால் வைப்புப் பிள்ளைகளும் பட்டத்துக்கு வரலாம் என்று அறிவித்தார். அவர்களுக்கு அதிகாரம் கொடுத்து உயிலும் எழுதினார். அவர் கண்ணை மூடிய மறுநாளே நீதிமன்றம் கூடி உயிலை ஒதுக்கித் தள்ளியது. உயிரோடு இருக்கும்போது அந்த ராஜா முன்னால் இருமக்கூடப் பயந்தவர்கள். அந்தப் பக்கங்களை எழுதும்போது பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. பேராசிரியர் படித்துவிட்டு, நடை கொஞ்சம் சூடாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதினார்.

பெண் பிறந்தாள். நாங்கள் நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு போனோம். முன்னால் புல்தரை, பின்னால் ஒரு மேப்பிள் மரம், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று வாரம் கழித்துத்தான் போன்ஜூர் சொன்னார்கள். அப்பாவின் வருஷத் திதி முடிந்த பிறகு அம்மா வந்தாள். ஒரு பெட்டி நிறைய வடகமும் வற்றலும். பேத்தி காதுகுத்துக்கென்று ஊர் ஆசாரியிடம் சொல்லிச் செய்த ஒரு ஜோடித் தோடும் கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. பிறந்த வீட்டுச் சீரும் தோடும் தட்டில் வைத்து அவன் கொண்டுவர வேண்டும். அவன் கொண்டுவந்த தோடுதான் பிள்ளை காதில் முதலில் ஏற வேண்டும். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. அம்மா வந்த மூன்றாம் நாளே, மடிக்கு யாரைச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டாள். உங்கள் டாக்டரையே கேட்டுப் பார், முறைக்கு ஒரு ஆள் இருந்தால் போதும் என்று அவளே யோசனையும் சொன்னாள். நான் யாரை நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லும் தைரியம் எனக்கு அப்போது வரவில்லை. அம்மா வந்ததிலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

நான் பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறிப் போய் அவனை வில்லரேயில் பார்த்தேன். என் பிள்ளைக்கு நீதான் மாமன், மடியில் நீதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு திரும்பி, அந்தப் பேச்சில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"உட்காருதேன்க்கா. ஆனா சீரு எங்க அம்மை அனுப்புததாத்தான் இருக்கணும். எனக்கு மட்டும் எடம் குடுத்து அவளை விட்டுட்டியன்னா, அப்பா குடுத்த இனிஷியல் மாதிரிதான் அதுவும்."

அவன் என் ஆராய்ச்சியைப் படித்தவன் இல்லை. தாய் பெயர் இல்லாத அந்தச் சாசனத்தைப் பற்றி அவனிடம் நான் சொன்னதும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். முந்நூறு வருஷம் கழித்து ஒருவன் வந்து, என் அம்மா பெயரையும் சேர்த்து எழுது என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயம். ஆனால் பிறந்த வீட்டுச் சீர் என்று சொல்லி அந்த வீட்டுத் தோட்டைச் சபையில் வைத்தால், முப்பது வருஷமாக அடுப்படிக்குள் போய் நின்று என் அம்மா காப்பாற்றிவைத்திருந்த மானம் என்ன ஆவது? அவனுக்கு அவன் அம்மா என்றால் எனக்கு என் அம்மா.

நேரடியாகக் கேட்கப் பயந்துகொண்டு சுற்றிவளைத்தேன். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, அம்மாவிடம் சூரிய ராஜாவின் கதையை எடுத்துவிட்டேன். ராஜா போருக்குப் போகும்போது ராணியையும் இரண்டு ஆசைநாயகிகளையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்றேன். அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வண்டில ஜன்னலோரம் யாருக்கு?"

இத்தனை புத்தகம் படித்தும் அதை நான் யோசித்ததே இல்லை. ஜன்னலோரம் யாருக்குக் கிடைத்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவும் முடியவில்லை. ஆனால் அதைத் தேடிக்கொண்டு போனதில்தான் யார் கைவைத்த நாற்காலியில் உட்காரலாம், யார் முக்காலியில், யார் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் கிடைத்தது. என் ஆராய்ச்சியில் பேராசிரியர் ரொம்பப் புகழ்ந்த அத்தியாயம் அதுதான். கேட்டவள் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆனால் உட்காரும் இடத்தில்தான் மொத்தமும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்.

பிள்ளைகளை வளர்த்த விதவையை, ராணி செத்த பிறகு ராஜா ரகசியமாகக் கட்டிக்கொண்டார் என்று சொன்னபோது, ராணி செத்த பிறகுதானே என்று கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் மரியாதை தெரிந்த ராஜாதான் என்றாள். சாசனத்தில் தாய் பெயர் இல்லை என்றும் சொன்னேன். கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ எதுக்கு இந்த ராஜா கதையச் சொல்லுதன்னு எனக்குத் தெரியாதாட்டி? அந்தப் பையன் இந்த ஊர்லதான் இருக்கான்னு உங்க அப்பா எங்கிட்ட சொல்லியிருக்காவ. வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரிஞ்சவளுக்கு எல்லாம் வந்து சேந்திரும்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சனிக்கிழமைச் சாப்பாடு, சுடுகாடு, மடி, சீர், அவன் போட்ட நிபந்தனை எல்லாம். அம்மா கேட்டு முடித்துவிட்டு, உன் வீடு, உன் பிள்ளை என்று எழுந்து போய்விட்டாள். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பதில் ரொம்ப ஆபத்தான பதில். என் கணவர் என்ஜினீயர் புத்தியோடு, ஆளுக்கு ஒரு காதாக இரண்டு வீட்டுத் தோட்டையும் போட்டுவிடலாமே என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, பிள்ளை என்ன பொம்மலாட்டப் பொம்மையா என்று கேட்டாள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் வில்லரேக்குப் போன் செய்து, சீரை உன் அம்மாவையே அனுப்பச் சொல் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர அதன்பிறகு ஒரு வேளையும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்றாக அடித்தது. பின்பக்கக் கதவைத் திறந்துவைத்துக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தோம். பொங்கலில் பார்த்த அதே குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. காது குத்தப்போகிறவர் அந்த டாக்டரேதான். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆபரேஷன் செய்யப்போகிறவர் மாதிரிக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா வெள்ளைப் புடவையில் அடுப்படி வாசலோடு நின்றுகொண்டாள். தாலி இழந்தவள் சபைக்கு வருவதில்லை என்பது அவள் கணக்கு. நான் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

அவன் வந்தான். வேட்டி கட்டியிருந்தான். பழம், வெற்றிலை, பூ, பட்டுப் பாவாடை எல்லாம் அடுக்கிய தட்டு கையில். அதன் மேல் ஒரு சின்னச் சிவப்பு டப்பா. ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலமாக அவன் அம்மா அனுப்பியது. தட்டோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றுவிட்டான். மேலே எங்கே போவது என்று தெரியவில்லை. டாக்டர் மனைவி கணீரென்று, மாமன் சீர் யார் வீட்டிலிருந்து என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் ஆட்கள் கேட்கிற வழக்கமான கேள்விதான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மா அடுப்படி வாசலிலிருந்து வெளியே வந்தாள். ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வரவில்லை. நேரே நடுவில் நடந்து வந்தாள். தட்டின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சீர்தான் என்று டாக்டர் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு பேருமாகத் தட்டைக் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அம்மா கொண்டுவந்த தோடு என் இடுப்பில் சொருகியிருந்தது. அதை எடுக்கப் போனேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மாமன் கொண்டுவந்ததுதான் முதலில், முறை என்றால் முறைதான் என்றாள். வாழ்நாள் முழுக்க முறையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை அவன் மடியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். டாக்டர் ஊசியை எடுத்ததும் வீடு இடிந்துவிழுகிற மாதிரி அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது காது குத்துவதற்குள் பிள்ளை ஒன்றுக்குப் போய் அவன் வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். என் கணவருடைய வேட்டி ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னோம். நான் அன்றைக்கு அழுதது உண்மை. சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனாலும் அப்பா மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இந்த ஒரு நாளை அவர் உயிரோடு இருக்கும்போதே நடத்தியிருக்கலாம்.

முதல் பந்தியில் என் கணவருக்குப் பக்கத்தில் அவனுக்கு இலை போட்டார்கள். அம்மா தானே சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் இலை வந்ததும் நின்றாள். போதுங்க என்று சொல்ல வாயெடுத்தான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பாதியிலேயே விழுங்கிவிட்டான். அம்மா ஊற்றினாள். கொஞ்சம் நிறையவே ஊற்றினாள். பிறகு கொஞ்சம் குனிந்து, பக்கத்து இலைக்குக் கேட்காத குரலில் சொன்னாள். அவனுக்கு நெய் எடுத்துக்கொண்டு பின்னால் வந்த எனக்குக் கேட்டது.

"உங்கம்மைக்கு லெட்டர் போடுவேல்லா? தோடு பிள்ளைக்கு நல்ல எடுப்பா இருக்குன்னு எழுது. பெரியம்மை சொன்னதா எழுது."

அவன் தலையை நிமிர்த்தாமல் சரி என்றான். அம்மா அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.